தலைவர் உரையின் உலர்ந்த எடை

"உலர்த்துற ஸ்டோர்ல அஞ்சு கிலோ பச்சைக்காய் போட்டா, காஞ்சு ஒரு கிலோ வரும். கால் கிலோதான் வருதுன்னா என்ன அர்த்தம் தாயி? எவனோ மடியில கட்டிட்டான்னு அர்த்தம்!"

மலைச்சாரல் ஏலக்காய் வணிகர் பேரவையின் நிரந்தரத் தலைவர் உக்கிரபாண்டி மேசையைத் தட்டினார். 'நிரந்தர' என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது.

எதிரே கணினி முன்னால் முத்துப்பிரியா. வெள்ளிவிழா மலருக்காக, பேரவையின் பழைய கணினியில் கிடந்த ஆண்டுவிழா உரைகளையெல்லாம் அள்ளி, ஜிப் கோப்புகளாகச் சுருக்கி மதுரை அச்சகத்துக்கு அனுப்ப ஒரு நிரல் எழுதியவள். அனுப்பும் நேரத்தில்தான் தலைவர் கோப்பின் அளவைக் கேட்டுத் தொலைத்தார்.

"பொருளாளர் ராக்கையா பேச்சையும் நீதான் சுருக்கின. அஞ்சுல ஒண்ணு வந்துச்சு. சரியாக் காஞ்ச கணக்கு. என் பேச்சு மட்டும் இருபதுல ஒண்ணா? மிச்சம் எங்க?"

"ஐயா, ஏலக்காய்ல தண்ணி போயிரும். இதுல எதுவும் போகாது. விரிச்சா அம்புட்டும் அப்படியே வரும்."

"என் பேச்சுல தண்ணியே கிடையாது!"

பக்கத்தில் நின்ற செயலாளர் யோகராஜ் குனிந்து தலைவரின் காதோடு பேசினார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் அன்னிக்கே சொன்னேன்ல தலைவரே? இது சிலமலை ஊருப் புள்ள. ராக்கையாவும் சிலமலை. நல்ல நல்ல இடமாப் பாத்து உருவி அவருக்குக் குடுத்திருக்கும்."

உக்கிரபாண்டியின் மீசை துடித்தது. "உள்ள என்ன நடக்குதுன்னு காட்டு."

"என் நிரல்ல ஒவ்வொரு சுருக்குக் கோப்பும் ஒரு ஆப்ஜெக்டுங்கய்யா. தனி ஆள் மாதிரின்னு வச்சுக்கங்க. சுருக்குன்னா சுருக்கும், விரின்னா விரிக்கும். ஆனா உள்ள எப்படிப் பண்ணுதுங்கிறதை வெளியில இருக்கிறவுக தொட முடியாம மறைச்சு வச்சிருக்கும். அதுதான் முறை."

"மறைச்சு வச்சிருக்காம்! அதுவே ஒத்துக்கிருச்சு தலைவரே!"

"போடிமெட்டு செக்போஸ்ட்ல போய் இப்படிச் சொல்லிப் பாரு தாயி. ஜீப்பை விடுவானா? டயரைக்கூடக் கழட்டிப் பாப்பான்."

முத்துப்பிரியா சென்னை வேலையை உதறிவிட்டு, ஊரிலிருந்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று வந்தவள். இது அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. பேரவைக்குள் திருடி என்று பெயர் வாங்கினால், போடியில் ஒரு கமிஷன் கடைக்காரர்கூட அவளைப் படியேற விடமாட்டார்.

"ஒரே ஒரு தடவை விரிச்சுக் காட்டறேங்கய்யா. ஒரு எழுத்து குறைஞ்சாலும் நானே ஸ்டேஷனுக்கு வர்றேன்."

"அதெல்லாம் வேணாம்!" யோகராஜ் பாய்ந்து கணினியை மறைத்துக்கொண்டு நின்றார். "உங்களுக்கு ஆயிரம் சோலி தலைவரே. இந்தக் கோப்பை அழிப்போம், இந்தப் புள்ளைய வெரசா வீட்டுக்கு அனுப்புவோம். மலர்ல பேச்சே எதுக்கு? பக்கத்துக்குப் பக்கம் உங்க படத்தைப் போட்டுறலாம்."

உக்கிரபாண்டி யோசித்தார். பக்கத்துக்குப் பக்கம் படம் என்பது தள்ளிவிடக்கூடிய யோசனை அல்ல. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"யோகராஜு, என் பேச்சு ஒவ்வொண்ணும் மேடையேறின நிமிஷம் அடிவயித்துல இருந்து அதுவாப் பொங்கி வந்தது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதைத் திருட்டுக் குடுத்துட்டுப் படத்துல சிரிக்கச் சொல்றியா? தள்ளு. விரி தாயி."

விரித்தாள். உரைகள் வருட வரிசையில் வந்து நின்றன. மொத்த அளவு சுருக்குவதற்கு முன்பிருந்ததேதான்.

"ஒண்ணும் குறையலங்கய்யா."

"அப்ப என் பேச்சு மட்டும் ஏன் அந்தச் சுருங்கு சுருங்குச்சு?"

அவள் தயங்கினாள். "ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தா, அதை ஒரு தடவைதான் வச்சுக்கிடும்ங்கய்யா. மறுபடி வர்ற இடத்துல, 'முன்ன சொன்னதேதான்'னு சின்னதா ஒரு குறிப்பு போட்டுக்கிடும்."

"எந்த வரி எனக்குத் திரும்ப வருது?"

அவள் இரண்டு வருட உரைகளை அருகருகே திறந்து வைத்தாள். தலைவர் கண்ணாடியை மாட்டினார். வருடம் வேறு. சிறப்பு விருந்தினர் பெயர் வேறு. அவ்வளவுதான் வேறு. மூன்றாவதைத் திறக்கச் சொன்னார், நான்காவதை, பிறகு கடைசியை. 'நேற்று முன்தினம் நம்மை விட்டுப் பிரிந்த அருமை நண்பர் கன்னையன்' எல்லா வருடமும் நேற்று முன்தினம்தான் இறந்திருந்தார். எல்லா வருடமும் அந்த இடத்தில் தலைவர் குரல் உடைந்து, துண்டால் கண்ணைத் துடைத்திருக்கிறார். கூட்டமும் கூடவே துடைத்திருக்கிறது.

யோகராஜ் கதவை நோக்கி மெல்ல நகர்ந்தார்.

உக்கிரபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "நில்லுடா. வருஷா வருஷம் என் பேச்சை எழுதறேன்னு மூணாறுல போய் ரூம் போட்டுக் கிடந்தியே, அங்க என்னடா பண்ணிக்கிட்டிருந்த?"