பெரிய கேமராவே வேண்டும்

"புதுசா கத்துக்கிறவங்களுக்கு இந்த எஸ்.எல்.ஆர். போதும்க்கா. சின்னது, கை வலிக்காது," என்றான் கேமரா கடைக்காரன்.

அவள் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சுவர்க் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இதைவிடப் பெருசு?"

"எல்லாரும் படம் எப்படி விழுதுன்னு பாப்பாங்க. நீங்க உங்க அழகைப் பாக்குறீங்க."

அவள் சிரித்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள். நெற்றியிலிருந்து வாய் வரை மறைந்தது.

"இதையே குடுங்க. ஸ்டுடியோக்காரருக்கு உதவியா ஒரு கல்யாணத்துக்குப் போறேன். என் பொண்ணு கல்யாணம்."

"பெத்தவங்க மேடையில நிக்காம கேமரா தூக்கப் போறீங்களா?"

"மாப்பிள்ளை வீட்டுல, அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கா. அவளுக்கு அச்சு அசலா என் முகம், தம்பி. யாராவது பாத்துட்டா பாவம், மாட்டிக்குவா."