முதுகில் கேட்டது

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், காஜா பேராங் கிளினிக்கில் அரசாங்கம் தொடங்கிய இருதய ஆராய்ச்சியில் சேர சுப்பையனுக்கு அரைமனசுதான். "பட்டாளத்துக்குக் கொடுத்த உடம்பு இது. இன்னும் யாருக்குக் கொடுக்கணும்?" என்றார். மனைவி ருக்மணிதான் விடாமல் அனுப்பிவைத்தாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். பிறகு முதுகில் வைத்தவர், வெகுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவில்லை.

"ஐயா, இங்க இன்னொண்ணு துடிக்குது. மெதுவா, தனியா."

சுப்பையன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "பர்மாவுல ஜெயபாலன்னு ஒரு கூட்டாளி. குண்டடிபட்டவன முதுகுல தூக்கிட்டு வந்தேன். பாதி வழியில அடங்கிட்டான்."

டாக்டர் கருவியை அவர் காதில் மாட்டி, மறுமுனையை முதுகில் வைத்தார். சுப்பையன் கேட்டார். அவர் கைகள் தாமாகவே குவிந்தன.

"நான் சேந்துக்கிறேன் டாக்டர்."

தூங்குகிறவனுக்குப் போர்த்துவதுபோல், சட்டையை மெல்ல முதுகில் இழுத்துவிட்டுக்கொண்டார்.