நாற்பதுக்கு நாற்பது

"உக்காருங்க டீச்சர். கை சும்மா இருந்தா அத்தை சத்தம் போடுவாவ. நான் நூலைச் சுத்திக்கிட்டே பதில் சொல்லுதேன்."

அந்த வீட்டுப் பெண் 'டீச்சர்' என்றதை ஜெயசித்ரா திருத்தவில்லை. காலையிலிருந்து பதினோரு வீடு ஏறி இறங்கியாயிற்று. ஒரு வீட்டில் அவள் ரேஷன் கார்டு மேடம், இன்னொரு வீட்டில் மகளிர் குழு மேடம். உளவியல் ஆராய்ச்சி செய்கிற மாணவி என்று விளக்க அவளிடம் தெம்பு மிச்சம் இல்லை. பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

ஐப்பசியில் சங்கரன்கோவிலில் நாற்பது பேரிடம் நாற்பது கேள்விகள் கேட்டு எழுதியாயிற்று. இப்போது மாசியில் அதே ஆட்களிடம் அதே கேள்விகள். மனிதரின் குணம் நாலு மாதத்தில் மாறாது, பதில்கள் ஒத்துப்போயே தீர வேண்டும் என்பது அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு வாக்கு. ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வித்தாளே தப்பு, மூன்று வருட உழைப்பு குப்பைக்கு. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பதிவுக் காலமும் பங்குனியோடு முடிகிறது.

ஊர் ஜனம் கைடு பேச்சைக் கேட்டால்தானே! "எனக்கு நாலு பேரு கூடவே இருக்கணும்" என்றிருந்த டீக்கடை துரைப்பாண்டி, தம்பியோடு பாகம் பிரித்த கையோடு "எவன் மூஞ்சியிலயும் முழிக்கப் பிடிக்கல" என்றார். பயந்த சுபாவம் என்று எழுதச் சொன்ன தையல்கார ஷாஹின் பானு, இப்போது ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டு "எனக்கு என்னத்துக்குப் பயம்?" என்கிறாள்.

கடைசியாக இந்த வீடு, பதினேழாம் எண். இதுவும் கைவிட்டால் அவ்வளவுதான். முதல் தடவை இந்தத் தெருவுக்கு வந்தது தோழி மாலா. அவள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் தாளில் பெயர் கிடையாது. எண், கதவிலக்கம், 'மருமகள், வயது 36' என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஆளைப் பார்த்தால் அதற்கு மேலேயே சொல்லலாம். வாசலில் மாமியாரிடம் விசாரித்தபோது, "மருமகதானே? உள்ளதான் இருக்கா. சட்டுனு முடிச்சிட்டு விடும்மா, சோலி கெடக்கு" என்றாள்.

"கோபம் வந்தா மனசுல வைக்காமச் சொல்லிருவீங்களாக்கா? ஒருநாளும் இல்லன்னா ஒண்ணு, எப்பவும்னா அஞ்சு."

"வந்த கோவம் அடுப்படிக்குப் போறதுக்குள்ள ஆறிப்போவும். ஒண்ணே போடுங்க."

மடியில் மறைத்து வைத்திருந்த மாலாவின் தாளை ஜெயசித்ரா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒன்று.

"வீட்டு விஷயத்துல உங்க சொல்லு எடுபடுமா?"

"புளிக்குழம்பா ரசமாங்கதே அத்தை சொல்லித்தான்."

அதற்கும் ஒன்று. மாலாவின் தாளிலும் ஒன்று.

"மனசு கஷ்டமா இருந்தா யாருகிட்ட போவீங்க? சொந்தக்காரங்க, தெருப் பொம்பளைங்க, மகளிர் குழு, கோயில் கூட்டம்..."

"போறதுக்கு வாசப்படி தாண்டணும்லா டீச்சர்?"

பழைய தாளிலும் 'யாருமில்லை' என்றே இருந்தது. ஜெயசித்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்விகள் வரிசையாகப் போயின. வெளியே தறிச் சத்தம் ஓயவில்லை, உள்ளே பதில்களும் பிசகவில்லை.

அடுத்து, வட்டம் வட்டமாகப் படம் போட்ட அட்டையை நீட்டினாள். "ஒரு வட்டம் நீங்க. இன்னொண்ணு உங்க குடும்பம். எந்தப் படம் உங்களுக்குப் பொருந்தும்?"

அவள் விரலை வைத்தது கடைசிப் படத்தில். ஒன்றின் மேல் ஒன்று கிடந்து, இரண்டும் ஒரே வட்டமாகத் தெரியும் படம். மாலாவின் பென்சில் குறியும் அங்கேதான் இருந்தது.

"இதுல எந்த வட்டம் நீங்கக்கா?" தாளில் இல்லாத கேள்வி. ஜெயசித்ராவுக்குக் கேட்கத் தோன்றியது.

"தெரியலையே டீச்சர்." அறுந்த நூலை முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினாள்.

"கடைசிக் கேள்வி. 'நான்'னு ஆரம்பிச்சு மூணு சொல்லணும். நான் இன்னாருன்னு."

"நான் இந்த வீட்டு மருமக." கை நிற்கவில்லை. "நான் ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா." தீர்ந்த நூல்கண்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "மூணாவது ஒண்ணும் தோணல. விட்டுருங்க."

மாலாவின் தாளில் முதல் இரண்டும் அப்படியே இருந்தன. மூன்றாவது கோடு காலி.

நாற்பதுக்கு நாற்பது! கால் வலி போன இடம் தெரியவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பிழைத்தோம் என்ற நிம்மதிக்கு முன்னால் அந்தப் பாவம் எடுபடவில்லை. கைடு மேஜையில் இந்தத் தாளைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

"உங்க குணத்துல துளி மாத்தம் இல்லக்கா. உங்களாலதான் என் படிப்பு பிழைச்சுது."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லாருங்க" என்றாள்.

ஜெயசித்ரா ஒட்டியிருந்த உறையைக் கிழித்துச் சம்மதப் படிவத்தை எடுத்தாள். பெயரும் கையெழுத்தும் அதில் மட்டும்தான். ஐப்பசிக் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று வாங்கிவிட்டால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

"இங்கன முருகம்மாள்னு போடுங்கக்கா. போன தடவை போட்ட மாதிரியே."

பேனாவை வாங்கியவள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவள் கை வேலையை நிறுத்தியிருந்தது.

"எம் பேரு பொன்செல்வி டீச்சர். இது மூத்தவுக பேரு. அவுக கார்த்திகையில செத்துப்போனாவ. நான் ரெண்டாந்தாரமா இந்த வீட்டுக்கு வந்து இன்னைக்கு இருபத்தோரு நாளு ஆவுது."