தக்காளியைப் பிடித்த விரல்கள்

சமையலறை ஜன்னல் வெயிலில் கறிக்கடைக்காரர் மூன்று கத்திகளைத் தக்காளியில் சோதித்துப் பார்க்கிறார். பக்கவாதம் வந்த வலது கை மடியில் கிடக்கிறது; இடது கைக்கு வெட்டு இன்னும் பழகவில்லை. புது எவர்சில்வர் கத்தி பளபளத்துக்கொண்டே தோலில் வழுக்குகிறது. பல் வைத்த கத்தி சதையைக் குதறுகிறது. கறுத்த இரும்புக் கத்தி மட்டும் தொட்டதும் கவ்வுகிறது, ஆனால் பிடிக்க இன்னொரு கை இல்லாததால் பழம் உருண்டு ஓடுகிறது. "எதுவுமே சரியில்ல, தூக்கிப் போடுங்க" என்கிறாள் மனைவி. "கத்தி மேல ஏன் பழியப் போடுற?" அவள் அடுத்த பழத்தைப் பலகையில் வைத்து விரல்களால் அழுத்திப் பிடிக்கிறாள். "கைய எடு. இருக்கறதுலயே இதுதான் கூரு." "மொக்கைக் கத்திதான் கைய அறுக்கும்னு கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்கதானே சொல்வீங்க? அறுங்க." இரும்பு அவள் நகத்தை ஒட்டி இறங்குகிறது. அவள் பழத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.