பழுதில்லாத பிள்ளை

“இந்தப் புள்ள என் தம்பிக்குப் பொறந்தது இல்ல டாக்டரம்மா. பேப்பர்ல என்ன வந்திருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. பஞ்சாயத்துல வெச்சு ஆத்தாளையும் புள்ளையையும் அவங்க வீட்டுக்கே அனுப்பிடறோம்.”

நிர்மலாதேவி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள். பிள்ளைச்சாவடியிலிருந்து லாஸ்பேட்டை வரைக்கும் ஆட்டோவில் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். தம்பி ஆனந்தராஜும் அவன் மனைவி அன்புசெல்வியும் அதே ஆட்டோவில்தான் இருந்தார்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசியதே இல்லை. அன்புசெல்வி அடுப்படியில் நிற்கும்போதே அவள் வைத்த குழம்பை, அவள் நடையை, அவள் பிறந்த கனகசெட்டிக்குளத்தை வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அவள் திரும்பிப் பார்த்தால் சிரிப்பார்கள். அவளும் பதிலுக்குச் சிரிப்பாள்.

டாக்டர் ஹேமலதா ரத்தப் பரிசோதனை முடிவு இருந்த கவரைப் பிரிக்காமல் கேட்டார். “எதனால சந்தேகப்படறீங்க?”

“இதென்னங்க கேள்வி? அப்பனுக்கும் கேக்காது, ஆத்தாளுக்கும் கேக்காது. இவளுக்கு மட்டும் பக்கத்துத் தெருவுல பாட்டுப் போட்டா இங்க காலு ஆடுது. எங்கேருந்து வந்துச்சு காது? வெளியிலேருந்துதான வந்திருக்கணும்?”

ஆறு வயது இனியா, டாக்டருக்கு முதுகைக் காட்டி, அம்மாவின் முழங்காலில் சாய்ந்து நின்றாள். அன்புசெல்வி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தராஜ் கதவோரம் தள்ளி உட்கார்ந்து சுவரிலிருந்த காலண்டரை முறைத்துக்கொண்டிருந்தான்.

“அன்புசெல்விகிட்ட இது எதுக்கான டெஸ்ட்டுன்னு சொன்னீங்களா, இல்லையா? போன தடவை நீங்கதான சைகையில பேசிக் கையெழுத்து வாங்கினீங்க?”

“சொன்னா ரத்தம் குடுப்பாளா? புள்ளைக்குப் பின்னால காது போயிடாம இருக்கப் பாக்கறாங்கன்னு காட்டினேன். உடனே கையை நீட்டிட்டா, பாவம்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

“உங்க தம்பிக்கு?”

“அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டான். சோறு தண்ணி இல்லாம கெடந்தான், கடைசியில பாத்துடலாம்னுட்டான்.”

டாக்டருக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணிடம் ஒரு தாளில் எழுதியாவது நேராகக் கேட்டிருக்கலாம். கூட்டம் அதிகமாக இருந்த நாளில் நாத்தனாரை நம்பிவிட்டார். இனி என்ன செய்ய? கவரைப் பிரித்துப் படித்தார்.

“ஆனந்தராஜோட பொண்ணுதான் இவ. சந்தேகமே வேண்டாம்.”

“அதெப்படிங்க?”

“காது கேக்கறதுக்குப் பல மரபணுக்கள் சரியா வேலை செய்யணும். ஒவ்வொண்ணும் ஜோடி ஜோடியா இருக்கும், அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. ஜோடியில ஒண்ணு நல்லா இருந்தாலே போதும். ரெண்டுமே பழுதா இருந்தாதான் கேக்காது. உங்க தம்பிக்குப் பழுது ஒரு ஜோடியில. அவர் மனைவிக்கு வேற ஒரு ஜோடியில.”

நிர்மலாதேவி விழித்தாள்.

“ஒரு போட்டுல இன்ஜின் போச்சு, சுக்கான் நல்லாருக்கு. இன்னொரு போட்டுல சுக்கான் போச்சு, இன்ஜின் நல்லாருக்கு. இதுலேர்ந்து அதையும், அதுலேர்ந்து இதையும் எடுத்து ஒரு போட்டு கட்டினா ஓடாதா?”

“ஓடும்…”

“அதுதான் இனியா. உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?”

“அக்கா மவளைத்தான் எங்கப்பா கட்டினாரு. ரத்தம் வெளியில போகக் கூடாதுன்னு.”

“போகாத ரத்தத்துலதான் பழுதே தங்கியிருக்கு. உங்ககிட்டயும் அதுல ஒண்ணு இருக்கலாம்.”

நிர்மலாதேவியின் முகம் சுண்டிப்போனது. ஆனால் மீன் மார்க்கெட்டில் காலம் தள்ளுகிறவள், சட்டென்று சமாளித்துக்கொண்டாள்.

“சரி வுடுங்க. என் தம்பி புள்ளன்னு ஆயிடுச்சுல்ல, அது போதும். அன்புசெல்விக்கு எதுவும் தெரிய வேணாம். புள்ளைக்குக் காது நல்லாருக்குன்னு காட்டிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நாம பேசினது இவளுக்குக் கேக்கவா போவுது?”

தம்பி பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினாள். அவன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. எழுந்து வந்து மகளைத் தூக்கக் கையை நீட்டினான்.

அன்புசெல்வி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

டாக்டர் மேசையைத் தாண்டி எட்டிப் பார்த்தார். இனியாவின் சின்னக் கைகள் அம்மாவின் கண்ணெதிரே ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. அப்பாவைச் சுட்டிக் காட்டின, காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டின. இவளுக்குக் காது கேட்கிறது என்பதுதான் வழக்கே. அதைப் பேச வந்த இடத்தில் அது ஒருவருக்கும் நினைவில்லை.

“ஏய், உங்கம்மாகிட்ட என்னடி சொன்னே?”

“நீங்க பேசினதுதான் அத்தை. வீட்டுல பேசறதையும் நான்தான் சொல்லுவேன். அப்பா கையெழுத்துப் போட்டது மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியாது. இப்ப சொல்லிட்டேன்.”

அன்புசெல்வி புருஷனைப் பார்த்தபடியே விரல்களை அசைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இனியா கடைசி அசைவு வரை கவனமாகப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் திரும்பிப் பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டாள்.

“டாக்டர், நான் அப்பாவோட பொண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சாம். அப்பா அம்மாவோட புருஷன்தானான்னு பாக்கறதுக்கு ஏதாச்சும் டெஸ்ட்டு இருக்கான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.”