அழுகிற டப்பா

பச்சைக் குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். சுபாஷ் கிடார் தந்தியிலிருந்து கையை எடுத்தான், சத்தம் நின்றது. மறுபடி மெல்லத் தட்டினான், இப்போது வெறும் சிணுங்கல்தான் வந்தது.

"சோக்கா கீது" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, காலடியில் கிடந்த, கிடாரோடு ஒயரில் இணைத்த தகர டப்பாவின் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினான். அதற்கு என்வலப் ஃபில்டர் என்று பெயர். தந்தியை மெதுவாகத் தட்டினால் முனகும், ஓங்கி இழுத்தால் 'ங்வா' என்று வாயைத் திறந்துவிடும். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில், சுபாஷ் கிடார் வாசிக்கிற அண்ணாதுரை ஆர்க்கெஸ்ட்ராவின் கச்சேரி இருந்தது. புதுசாக ஏதாவது செய்து கூட்டத்தை அசத்தவேண்டும் என்று, பர்மா பஜாரில் தேடிப் பிடித்து ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் அண்ணாதுரையே வாங்கிக் கொடுத்த டப்பா அது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் மனைவி அமலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாமி வர்றாங்க. இன்னா சொல்லப் போற?"

"நீ கம்முனு இரு. நான் பாத்துக்கறேன்."

மாமி என்றால் வீட்டுக்காரக் குமுதவல்லி மாமி. அவள் கணவர் ரங்கு மாமாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் கைங்கர்யம். விடியுமுன்னே எழுந்து போகிறவர், பகலில்தான் வந்து கண்ணயர்வார். அதனால் மாடியை வாடகைக்கு விடும்போதே மாமா இரண்டு கண்டிஷன் போட்டிருந்தார்: கவுச்சி கூடாது, கைக்குழந்தை கூடாது.

கவுச்சிக்கு, சுபாஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் சேரப்பணஞ்சேரியில் அம்மா வீட்டுக்குப் போய் ஆறு நாள் பாக்கியையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டான். குழந்தை விஷயத்தில், "நானும் சம்சாரமும் மட்டும்தான் சார்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான்.

சுபாஷை ஷிஃப்டுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். புதுப்புது ஃபேக்டரிகள் வரப்போகின்றன என்ற பேச்சிலேயே ஊரில் வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம், தொண்ணூற்றொன்று. இந்த மாடியை விட்டால் அமலா பழையபடி பிறந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கிருந்து அவள் வந்தே ஒரு வாரம்தான் ஆகிறது. இன்னொரு தடவை பிரிந்திருக்க இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

மாமி உள்ளே வந்தாள். கோபமாகத்தான் வந்தாள்.

"ஏம்ப்பா சுபாஷ், ஒரு வாரமா குழந்தை அழற சத்தம் கேக்கறதே. மாமா தூக்கம் கெட்டு என் மேல எரிஞ்சு விழறார். குழந்தை இருந்தா நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்கறார்."

"குழந்தையா? அது இந்த டப்பா மாமி, ஆடிக் கிருத்திகைக் கச்சேரிக்கு வாங்கினது" என்று சுபாஷ் தந்தியை இழுத்தான். டப்பா வாயைத் திறந்து அழுதது. மாமி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னடாப்பா இது, அச்சு அசல் குழந்தையாட்டமே இருக்கே."

"கை எவ்ளோ அழுத்துதோ அவ்ளோ அழும் மாமி. நீங்களே தட்டிப் பாருங்க."

"பாலை எறக்கி வச்சிட்டு வந்துடறேன் மாமி" என்று அமலா உள்ளே போனாள்.

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல் ஒற்றை விரலால் தந்தியைத் தொட்டாள். டப்பா சிணுங்கியது. கொஞ்சம் பலமாக இழுத்தாள், அது வீறிட்டது. வந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கூச்சப்படாமல் இன்னும் நாலு தரம் இழுத்துப் பார்த்தாள்.

சுபாஷ் சிரித்துக்கொண்டே தந்திகளை உள்ளங்கையால் அமுக்கினான். அதற்கப்புறமும் மெல்லிசாக ஒரு சிணுங்கல் வந்தது.

"கையை வச்சு அமுக்கினப்புறமும் அழறதே?"

"டப்பாவுக்குள்ள கொஞ்சம் மிச்சம் நின்னுக்கினு இருக்கும் மாமி. எக்கோ." சொல்லிவிட்டு அவன் மறுபடி ஓங்கி வாசிக்க ஆரம்பித்தான். மாமி தலையாட்டிக் கேட்டாள். அமலா உள்ளிருந்து வந்து சுவரோரமாக நின்றாள்.

"போதும்ப்பா, நிறுத்து" என்று மாமி எழுந்தாள். வாசலுக்குப் போய் மாடிக் கைப்பிடிச் சுவரில் குனிந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஏன்னா, குழந்தையும் இல்லை குட்டியும் இல்லை. சுபாஷோட கிடார் டப்பா, ஆடிக் கிருத்திகைக் கச்சேரிக்காம். நானே தட்டிப் பாத்தேன்."

"அப்போ ஆடிக் கிருத்திகை வரைக்கும் இந்தப் பாடுதானா?" என்றது கீழேயிருந்து ஒரு தூக்கக் குரல்.

"அதுக்கப்புறமும்தான். கச்சேரி ஒண்ணோட நிக்குமா? காதுல பஞ்சை வச்சுண்டு படுங்கோ."

கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சுபாஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீடு தப்பித்தது என்ற சந்தோஷத்தில் அவன் அமலாவைப் பார்த்து, மாமிக்குத் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினான்.

படியிறங்கப் போன மாமி திரும்பி வந்தாள். அமலாவின் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வயத்து வலி அழுகைடி அது, குழந்தைக்குக் கொஞ்சம் கிரைப் வாட்டர் குடு."