தொப்பைக்கு விட்ட இடம்

மிட்டாதார் காரை ஓட்டுவது வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான். ஆயுத பூஜையன்று டிரைவர் மாசிலாமணி இன்ஜினைக் கிளப்பிக் கொடுக்க, அவர் ஏறி உட்கார்ந்து, சக்கரங்களுக்கடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டு இறங்கிவிடுவார். அந்தப் பத்தடி தூரத்துக்காக, அவர் தொப்பை இடிக்காத உயரத்தில் வருஷம் பூராவும் ஸ்டியரிங்கை ஏற்றி, போல்ட்டை முறுக்கிவைத்திருந்தார்கள். ஒருமுறை மாசிலாமணி போல்ட்டைத் தளர்த்தித் தனக்குத் தோதாக இறக்கியதற்கு, "வண்டி யாருதுடா?" என்று கேட்டுச் செருப்பைக் கழற்றினார். அதன்பிறகு குள்ளமான அவன், கிளையில் தொங்குகிறவனைப் போலக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடியே மலைப்பாதையெல்லாம் ஓட்டினான். "தூங்கையிலயும் கையைத் தூக்கிக்கிட்டே கெடக்கியேய்யா" என்று அவன் பெண்டாட்டி அழுதாள்.

மிட்டாதார் செத்து, தலைதிவசமும் முடிந்து வந்த ஆயுத பூஜையில், "இனி நீயே பழத்தை நசுக்குப்பா. ஸ்டியரிங்கையும் உனக்குத் தோதா இறக்கிக்க" என்றாள் அவர் சம்சாரம். மாசிலாமணி மனதுக்குள் அவரைக் கெட்ட வார்த்தையில் வைதுகொண்டே போல்ட்டைத் தளர்த்தினான். ஸ்டியரிங் மடிக்கு மேல் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தான். தோள் இறங்கவில்லை. கைகள் பழைய உயரத்திலேயே காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. வலிந்து இறக்கியபோது கழுத்துவரை சுண்டி இழுத்தது.

"என்னப்பா, நல்ல நேரம் போகுதே" என்றாள் அம்மாள்.

இறங்கி ஸ்பானரை எடுத்தான். ஸ்டியரிங்கைப் பழையபடி ஏற்றி முறுக்கிவிட்டு, செத்தவர் தொப்பைக்கு இடம்விட்டு உட்கார்ந்தான்.